விமானத்துக்கே ஒரு பாராசூட்: எப்போது காப்பாற்றும், எப்போது கைவிடும்

கேள்வி இது: "என் மகன் அமெரிக்காவில் பைலட் பயிற்சிக்குச் சேரப் போகிறான். இரண்டு பள்ளிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்றில் செஸ்னா 172 விமானங்கள். இன்னொன்றில் சிர்ரஸ் எஸ்ஆர்20. அதில் விமானத்துக்கே பாராசூட் இருக்கிறதாம், கட்டணமும் கணிசமாக அதிகம். இந்தப் பாராசூட் நிஜமாகவே பயன்படுமா, இல்லை விற்பனைக்கான கவர்ச்சியா? பயன்படும் என்றால் ஏன் எல்லா விமானத்திலும் வைக்கவில்லை?"

நான் டெக்சஸில் இருக்கிறேன். பத்து வருடத்துக்கு மேலாகச் சிறு விமானம் ஓட்டுகிறேன். ஆரம்பத்தில் செஸ்னா 172, பிறகு ஒரு கிளப்பின் சிர்ரஸ். இரண்டிலுமே மனைவியையும் மகளையும் உட்காரவைத்துக்கொண்டு போயிருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வியை நானும் பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

பாராசூட் உயிர் காக்கிறது, அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. சிர்ரஸ் விமானங்களில் மட்டும் நூறு முறைக்கு மேல் அதை இழுத்திருக்கிறார்கள், இருநூறு பேருக்கு மேல் உயிரோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். ஆனால் அதே விமானத்தில், அதே பாராசூட் தலைக்கு மேல் இருக்க, கையே வைக்காமல் செத்துப்போனவர்களும் நிறைய. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே என்ன வித்தியாசம் என்பதுதான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில். அதற்கு முன்னால் அந்தச் சாதனம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

சிர்ரஸில் உட்கார்ந்தால், இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே, தலைக்கு மேல் கூரையில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைப் பிய்த்தால் உள்ளே சிவப்புக் கைப்பிடி. பறக்கும் முன் அதில் செருகியிருக்கும் பாதுகாப்பு ஊசியை எடுத்துவிட வேண்டும்; செக்லிஸ்டில் அது ஒரு வரி. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, கம்பியில் தொங்குவதுபோல நேர் கீழே இழுக்க வேண்டும். இருபது கிலோ எடையைத் தூக்கும் அளவுக்குப் பலம் வேண்டியிருக்கும். பக்கவாட்டில் இழுத்தால் இன்னும் கடினம்.

இழுத்ததும் பின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ராக்கெட் பற்றிக்கொள்கிறது. அது மேல்தகட்டை உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்து, மடித்து வைத்த பாராசூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. விமானத்தைத் தாங்கும் பட்டைகள் பக்கவாட்டுத் தோலுக்கு அடியில் பதித்து வைக்கப்பட்டிருக்கும். தோலைக் கிழித்துக்கொண்டு அவையும் வெளியே வரும். குடை ஒரே அடியாக விரிந்தால் துணியும் கிழியும், உள்ளே இருப்பவர்கள் கழுத்தும் போகும். அதனால் கயிறுகளைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது. காற்று அழுத்த அழுத்த அது மெல்லக் கீழிறங்கி, குடையைப் படிப்படியாக விரியவிடும். முதல் சில நொடிகள் மூக்கு கீழே தொங்கும். பிறகு பின்பக்கப் பட்டையைச் சுருக்கி வைத்திருந்த கட்டு தானாக அறுந்து, விமானம் சமநிலைக்கு வரும். குடையின் விட்டம் 55 அடி. எடை கூடிய புதிய மாடல்களில் 65 அடி.

இதன் கீழ் விமானம் நிமிடத்துக்குச் சுமார் 1,700 அடி வேகத்தில் இறங்கும். கேட்க மென்மையாகத் தோன்றலாம். கணக்குப் போட்டால் அது பன்னிரண்டு, பதின்மூன்று அடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். ஓட்டு வீட்டுக் கூரையிலிருந்து விமானத்தோடு சேர்ந்து குதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடியைச் சக்கரக் கால்கள் வளைந்து கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், இருக்கைக்கு அடியில் தேன்கூடு மாதிரி அடுக்கிய அலுமினியம் நசுங்கி மீதியை வாங்கிக்கொள்ளும். பெரும்பாலானவர்கள் கதவைத் திறந்து நடந்து வெளியே வருகிறார்கள். முதுகெலும்பில் விரிசல் விட்டவர்களும் உண்டு.

இப்போது எதிர்ப்பக்கம். வயலிலோ சாலையிலோ என்ஜின் இல்லாமல் சறுக்கி இறக்கினால் என்ன ஆகும்? எஸ்ஆர்20-ன் பெரிய அண்ணனான எஸ்ஆர்22 மெதுவாகப் பறக்கக்கூடிய எல்லை 60 நாட் (மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டர்) அளவு. பாராசூட்டில் இறங்கும் வேகம் 17 நாட். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது பள்ளியில் படித்ததுதான். அப்படிப் பார்த்தால் வயலில் இறக்கும்போது விமானம் சுமக்கும் ஆற்றல் பன்னிரண்டு மடங்கு அதிகம். வயல் சமதளமாக இருந்தால் அத்தனையும் நீளமாக உருண்டு கரைந்துவிடும். நடுவில் ஒரு வாய்க்கால், ஒரு வரப்பு, ஒரு கம்பிவேலி இருந்தால் கரையாது. மேலிருந்து பார்க்கும்போது எல்லா வயலும் பச்சைக் கம்பளமாகத்தான் தெரியும். வாய்க்கால் தெரியும்போது நூறு அடியில் இருப்பீர்கள்.

செஸ்னா 172-ன் எல்லை 48 நாட் அளவு. அதற்கும் 60-க்கும் நடுவே ஆற்றலில் ஒன்றரை மடங்கு வித்தியாசம். செஸ்னாவை வயலில் இறக்கிப் பிழைப்பது சிர்ரஸைவிடச் சுலபம். பாராசூட் எந்த விமானத்துக்கு எவ்வளவு தேவை என்பது அந்த விமானத்தையும் பொறுத்தது, இதை மறக்காதீர்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்குப் பின்னால் இருப்பவர்கள் தாங்களே விழுந்து எழுந்தவர்கள். போரிஸ் போபோவ் என்பவர் 1975-ல் ஹேங் கிளைடர் உடைந்து நானூறு அடி உயரத்திலிருந்து ஓர் ஏரியில் விழுந்தார். பிழைத்தார். விழும் அந்தச் சில நொடிகளில் தன்னால் எதுவுமே செய்ய முடியவில்லையே என்ற கோபம்தான் 1980-ல் மினசோட்டாவில் விமானப் பாராசூட் செய்யும் பிஆர்எஸ் நிறுவனமாக ஆனது. முதலில் மிக லேசான விமானங்கள், 1993-ல் செஸ்னா 150, 2002-ல் செஸ்னா 172 என்று அனுமதி வாங்கினார்கள்.

இன்னொருவர் ஆலன் கிளாப்மையர். 1985-ல் விஸ்கான்சினில் அவர் ஓட்டிய விமானம் வானத்தில் இன்னொரு விமானத்தோடு மோதியது. இறக்கையில் ஒரு பகுதி பிய்ந்துபோன நிலையிலும் அவர் எப்படியோ ரன்வேயில் இறக்கிவிட்டார். மற்ற விமானத்தின் பைலட் இறந்துபோனார். ஆலனும் தம்பி டேலும் நடத்திய சிர்ரஸ் நிறுவனம், ஒவ்வொரு விமானத்திலும் பாராசூட் இருந்தே தீரும் என்று முடிவெடுத்து, 1998-ல் எஸ்ஆர்20-க்கு அனுமதி வாங்கியது. அதை வானத்தில் நிஜமாகவே இழுத்துச் சோதித்தவர் ஸ்காட் ஆண்டர்சன் என்ற சோதனை பைலட். 1999 மார்ச்சில் இறக்கைச் சுக்கான் (விமானத்தைச் சாய்க்க உதவும், இறக்கையின் பின்விளிம்புத் தகடு) சிக்கிக்கொண்டு விபத்தில் அவர் இறந்தார். அன்று அவர் ஓட்டிய விமானத்தில் மட்டும் பாராசூட் பொருத்தியிருக்கவில்லை. இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் வேறு எதையும் படிக்கவில்லை.

2002 அக்டோபரில் எங்கள் டெக்சஸில், லூயிஸ்வில் பக்கத்தில், அதே மாதிரி ஒரு கோளாறு. பராமரிப்பு முடிந்து வந்த எஸ்ஆர்22-ல் இறக்கைச் சுக்கான் ஒரு கீலிலிருந்து கழன்று தொங்கியது. பைலட் கைப்பிடியை இழுத்தார். விமானம் மரங்களுக்கு நடுவே இறங்கியது, அவர் காயமில்லாமல் நடந்து வந்தார். சிர்ரஸ் பாராசூட் காப்பாற்றிய முதல் உயிர் அது.

சரி, எந்தெந்த நிலைமையில் இதற்கு மாற்றே கிடையாது? முதலாவது, இப்படி விமானமே உடைந்துபோவது, அல்லது வானத்தில் மோதுவது. 2021 மே மாதம் டென்வர் அருகே ஒரு எஸ்ஆர்22-ம் ஒரு சரக்கு விமானமும் இறங்கும் வழியில் மோதிக்கொண்டன. சிர்ரஸ் பாராசூட்டில் இறங்கியது, உள்ளே இருந்த இருவருக்கும் காயமில்லை. சரக்கு விமானமும் உடலில் பெரிய ஓட்டையோடு ரன்வேக்கு வந்து சேர்ந்தது. மோதிய இரண்டிலும் ஒருவரும் சாகாதது எவ்வளவு அபூர்வம் என்பது பறப்பவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, இரவும் மலையும் கடலும். கீழே என்ன இருக்கிறது என்றே தெரியாதபோது வயலைத் தேர்ந்தெடுக்கும் திறமையை வைத்து என்ன செய்வது? 2015 ஜனவரியில் கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்க்கு ஒரு எஸ்ஆர்22-ஐத் தனியாக ஓட்டிப்போனவர் கதை இதற்கு நல்ல உதாரணம். கூடுதல் தொட்டியில் இருந்த எரிபொருள் என்ஜினுக்கு வர மறுத்தது. கரையை எட்ட முடியாது என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டது. கடலோரக் காவல்படையிடம் பேசி, பக்கத்தில் வந்துகொண்டிருந்த ஒரு பயணிகள் கப்பலை நோக்கிப் போய், அதன் அருகில் பாராசூட்டை இழுத்து இறங்கி, ரப்பர் படகில் ஏறிக்கொண்டார். காவல்படை விமானம் அதைப் படமெடுத்தது. சக்கரம் மடங்காத விமானத்தை அலையில் சறுக்கி இறக்கினால், சக்கரம் தண்ணீரில் மாட்டித் தலைகீழாகப் புரட்டிவிடும் வாய்ப்பு அதிகம். பாராசூட் அந்த ஆபத்தை இல்லாமல் செய்தது.

மூன்றாவதுதான் எனக்கு மிக நெருக்கமானது: பைலட்டுக்கே ஏதாவது ஆகிவிடுவது. செஸ்னா ஓட்டிய காலத்தில் ஒருநாள் என் மனைவி கேட்டாள், "ஏங்க, மேலே போனப்புறம் உங்களுக்கு மயக்கம் வந்துட்டா நானும் பாப்பாவும் என்னங்க பண்றது?" நான் ரேடியோவில் எப்படிப் பேசுவது என்று காட்டிக்கொடுத்தேன். அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும். சிர்ரஸுக்கு மாறிய பிறகு முதல் பயணத்துக்கு முன்னால், தரையில் நிறுத்தி வைத்த விமானத்தில் அவளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன்: முதலில் என்னை உலுக்கிக் கூப்பிடு. பதில் இல்லை என்றால் இந்த லீவரைப் பின்னால் இழு, வேகம் குறையும். மூடியைப் பிய். இரண்டு கையாலும் நேர் கீழே இழு. மூடியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாள். அன்றிலிருந்துதான் அவள் ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள். அதற்கு முன்னால் எந்நேரமும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2005-ல் நியூயார்க் அருகே தனியாகப் பறந்த ஒருவர் வலிப்பு வந்து நினைவிழந்தார். கண் விழித்தபோது விமானம் தரையை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. நிமிர்த்திவிட்டார், ஆனால் தன்னால் பத்திரமாக இறக்க முடியாது என்று புரிந்து பாராசூட்டை இழுத்தார். தண்ணீரில் இறங்கினார், முதுகெலும்பு முறிந்தது, உயிர் தப்பியது. வலிப்புக்குக் காரணம் மூளையில் இருந்த கட்டி என்பது பிறகுதான் தெரிந்தது. தண்ணீரில் இறங்கும்போது சக்கரக் கால்கள் வளைந்து அடியை வாங்க வழியில்லை, அதனால் முதுகுக்குப் போகும் அடி கூடுகிறது என்பதையும் இதில் கவனிக்க வேண்டும்.

இனி, கைவிடும் இடங்கள்.

உயரம் முதல் பிரச்சினை. குடை விரிய நேரம் வேண்டும், அந்த நேரத்தில் விமானம் விழுந்துகொண்டே இருக்கும். நேராகப் பறக்கும்போது இழுத்தால் பழைய மாடல்களில் 400 அடி, புதியவற்றில் 560 அடி அளவு கரைந்துபோகும். சுழன்று விழும்போது இழுத்தால் 900, ஆயிரம் அடி போய்விடும். சிறு விமானங்களில் நிறையப் பேர் சாவது எங்கே தெரியுமா? ரன்வேயில் இறங்கத் திரும்பும் கடைசித் திருப்பத்தில். வேகம் குறைந்து, இறக்கை தூக்கும் சக்தியை இழந்து, ஒரு பக்கமாகச் சுழன்று விழுவது. அங்கே உயரமே ஐந்நூறு அடிக்குள்தான். அந்த இடத்தில் பாராசூட் இருப்பதும் இல்லாததும் ஒன்று. மேகத்துக்குள் தெரியாமல் மலையில் மோதுபவருக்கும் அப்படித்தான்; மோதும்வரை எல்லாம் சரியாக இருப்பதாகவே அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

வேகம் அடுத்தது. எஸ்ஆர்22-ல் 133 நாட்வரை சோதித்திருக்கிறார்கள், பிந்தைய மாடல்களில் 140. அதற்கு மேல் போனால் துணி தாங்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. மேகத்துக்குள் திசை தெரியாமல் சுழன்று கீழே பாயும் விமானம் சில நொடிகளில் அந்த எல்லையைத் தாண்டிவிடும். கட்டுப்பாடு போகிறது என்று தோன்றும் முதல் கணத்தில் இழுத்திருக்க வேண்டும். "இன்னும் ஒருமுறை முயற்சி செய்து பார்ப்போம்" என்று நினைத்த ஒவ்வொரு நொடியும் பாராசூட்டைப் பயனற்றதாக ஆக்கிக்கொண்டிருக்கும்.

தீ. 2010 பிப்ரவரியில் கொலராடோவின் போல்டரில் ஒரு எஸ்ஆர்20, என்ஜின் இல்லாத கிளைடர் ஒன்றைக் கயிற்றில் இழுத்துப்போன விமானத்தோடு மோதியது. கிளைடர் கயிற்றை விடுவித்துக்கொண்டு பத்திரமாக இறங்கியது. சிர்ரஸ் தீப்பிடித்து, விரிந்த பாராசூட்டின் கீழ் எரிந்துகொண்டே இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் பிழைக்கவில்லை. இழுத்துப்போன விமானத்தின் பைலட்டும் இறந்தார். விமானம் எரியும்போது நமக்கு வேண்டியது வேகமாகத் தரைக்கு வருவது. பாராசூட் அதற்கு நேர் எதிரானது.

இழுத்த பிறகு விமானம் நம் கையில் இல்லை. காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கேதான். கீழே மின்கம்பி இருக்கலாம், பள்ளிக்கூடம் இருக்கலாம். இறங்கிய பிறகு பலமான காற்று அடித்தால் குடை பாய்மரம்போல விமானத்தைத் தரதரவென்று இழுத்துப்போகும். அப்புறம் மீட்புப் பணிக்கு வருபவர்களின் ஆபத்து: பாராசூட் இழுக்கப்படாமல் நொறுங்கிய விமானத்தில் வெடிக்காத ராக்கெட் ஒன்று இருக்கிறது. கம்பியை எங்கே வெட்டக்கூடாது என்று தெரியாத தீயணைப்பு வீரர் அதை வெட்டினால் விபரீதம். விமானத்தின் மேல் எச்சரிக்கை ஒட்டியிருக்கும். அது நொறுங்கலில் கண்ணில் படவேண்டுமே.

பிறகு செலவு, எடை. நாற்பது கிலோ அளவுக்குச் சுமை; சின்ன விமானத்தில் அது ஒரு குழந்தையின் எடை, அல்லது ஒருமணி நேரத்துக்கு மேல் பறக்கத் தேவையான எரிபொருள். பத்து வருடத்துக்கு ஒருமுறை பாராசூட்டையும் ராக்கெட்டையும் மாற்றியே ஆக வேண்டும். அதற்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகும். பழைய செஸ்னா வைத்திருப்பவரிடம் போய் இதைச் சொன்னால், விமானத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு யோசிப்பார். போதாததற்கு, செஸ்னாவில் சாமான் வைக்கும் இடத்தைத்தான் அது அடைத்துக்கொள்கிறது. எல்லா விமானத்திலும் ஏன் இல்லை என்று கேட்டீர்களே, முக்கியக் காரணம் இதுதான். வடிவமைக்கும்போதே பட்டைகளை உடலுக்குள் பதிப்பது எளிது, பிறகு சேர்ப்பது கஷ்டம். மிக லேசான விமானங்களுக்குப் பத்து கிலோ சொச்சத்தில் பாராசூட் கிடைக்கிறது. ஜெர்மனியில் அந்த வகை விமானங்களுக்கு அது கட்டாயமே.

பெரிய விமானங்களைப் பற்றி அடிக்கடி கேட்பார்கள். ஒன்றரை டன் சிர்ரஸுக்கே 65 அடிக் குடை. நாம் டிக்கெட் எடுத்து ஏறும் ஏ320 எழுபது டன்னைத் தாண்டும், பறப்பது பல மடங்கு வேகத்தில். வேகம் இரட்டித்தால் துணிமேல் விழும் விசை நான்கு மடங்காகும். அதைத் தாங்கும் குடைகளின் எடைக்கே பயணிகளைக் குறைக்க வேண்டியிருக்கும். அதோடு அந்த விமானங்களின் விபத்துகள் பெரும்பாலும் ரன்வேக்குப் பக்கத்தில், உயரமே இல்லாத இடத்தில் நடக்கின்றன. இருந்தாலும் இந்தக் கோடு நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 2016-ல் அனுமதி பெற்ற சிர்ரஸ் விஷன் ஜெட் பாராசூட்டோடு வந்த முதல் பயணிகள் ஜெட். 2022 செப்டம்பரில் ஃபுளோரிடாவில் அதன் பாராசூட் முதல்முறையாக இழுக்கப்பட்டது.

நான் அதிகம் யோசிப்பது இன்னொரு குற்றச்சாட்டைப் பற்றி. பாராசூட் இருக்கிறது என்ற தைரியத்தில் பைலட்டுகள் போகக்கூடாத வானிலையில் போகிறார்கள், அரைகுறைப் பயிற்சியோடு பறக்கிறார்கள் என்பது. இதை ஒதுக்கித் தள்ளிவிட முடியாது. 2011 வரை சிர்ரஸின் மரண விபத்து விகிதம் அமெரிக்கச் சிறு விமானங்களின் சராசரியைவிட நன்றாக இருக்கவில்லை. அதே காலத்தில் பாராசூட்டே இல்லாத டைமண்ட் டிஏ40 என்ற சிறு விமானத்தின் விகிதம் மிகக் குறைவாக இருந்தது. எரிபொருள் தொட்டியைப் பாதுகாப்பாக வைத்ததும், மெதுவாகப் பறக்கும்போதும் கீழ்ப்படியும் இறக்கையும், அதை வாங்கியவர்கள் பயன்படுத்திய விதமும் சேர்ந்து அதைச் சாதித்தன. பாதுகாப்புக்கு ஒரே வழி குடை என்று சொல்பவர்களுக்கு அந்த விமானமே பதில்.

சிர்ரஸ் சுழன்று விழுந்தால் மீட்கவே முடியாது, அதை மறைக்கத்தான் பாராசூட் வைத்தார்கள் என்றும் பேசுவார்கள். அது சரியல்ல. சுழலிலிருந்து மீண்டுகாட்டும் சோதனைக்கு ஈடாகப் பாராசூட்டை அமெரிக்க விமானத் துறை ஏற்றுக்கொண்டது உண்மை. ஐரோப்பிய அனுமதிக்காக வழக்கமான முறையிலேயே சுழலிலிருந்து மீட்டும் காட்டினார்கள். ஆனாலும் கையேடு சொல்வது ஒன்றுதான்: சுழன்றால் இழு.

அப்புறம் 2011-க்குப் பிறகு என்ன மாறியது? குடை மாறவில்லை, பயிற்சி மாறியது. கோபா என்ற சிர்ரஸ் உரிமையாளர் சங்கமும் நிறுவனமும் சேர்ந்து ஒவ்வொரு விபத்தையும் எடுத்துவைத்துக் கேட்ட கேள்வி இது: இங்கே இழுத்திருந்தால் பிழைத்திருப்பார்களா? பல விபத்துகளில் பதில் ஆமாம் என்று வந்தது. நேரம் இருந்தது, உயரம் இருந்தது, கை மட்டும் போகவில்லை. அதன் பிறகு பயிற்சியில் பாராசூட் கடைசிப் புகலிடம் என்ற இடத்திலிருந்து முதல் யோசனை என்ற இடத்துக்கு வந்தது. 2014-ல் மரண விபத்துகள் மூன்றாகக் குறைந்தன. மரண விபத்துகளைவிடப் பாராசூட் இழுத்த நிகழ்வுகள் அதிகமானது அந்த வருடம்தான் முதல்முறை. 2001 முதல் 2016 வரை நடந்த 268 சிர்ரஸ் விபத்துகளை எடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாராசூட் இழுக்காதவற்றில் சுமார் 39 சதவீதம் உயிர்ப்பலியில் முடிந்தன, இழுத்தவற்றில் 14 சதவீதம். இழுக்காத பட்டியலில் ரன்வேயில் துள்ளி மூக்கு உடைந்த சின்ன விபத்துகளும் அடக்கம் என்பதை நினைத்துப் பார்த்தால், உண்மையான வித்தியாசம் இன்னும் பெரியதாகவே இருக்கும்.

கை ஏன் போகவில்லை என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். சிர்ரஸுக்கு மாறும்போது சிமுலேட்டரில் பயிற்சி. ரன்வேயைவிட்டு ஏறி எழுநூறு அடி வந்ததும் இன்ஸ்ட்ரக்டர் என்ஜினை நிறுத்தினார். நான் மூக்கை இறக்கினேன், இடதுபுறம் ஒரு திறந்தவெளி தெரிந்தது, அதை நோக்கித் திருப்பினேன், எரிபொருள் பம்பைப் போட்டேன். செஸ்னாவில் ஆறு வருடம் பழகியது அத்தனையும் வரிசையாகச் செய்தேன். திரையை நிறுத்திவிட்டு உயரத்தைப் பார்க்கச் சொன்னார். முந்நூற்றைம்பது அடி. "இப்போது இழுத்தால்?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் செய்ததில் எதுவும் தவறில்லை என்றார். ஆனால் இழுப்பதா வேண்டாமா என்று நான் வானத்தில் யோசித்தேன், அதற்கு நேரம் ஆனது, அவ்வளவு நேரம் அங்கே கிடையாது என்றார்.

அன்று முதல் ஒவ்வொரு முறை ஏறும்போதும் உரக்கச் சொல்கிறேன். தரையிலிருந்து அறுநூறு அடி தாண்டும்வரை: நேர் எதிரே இறக்குவேன். அறுநூறு தாண்டியதும்: இழுப்பேன், யோசிக்க மாட்டேன். இரண்டாயிரம் தாண்டியதும்: கோளாறைச் சரிசெய்து பார்க்க நேரம் இருக்கிறது. சொல்லும்போது ஒருமுறை கையை மேலே கொண்டுபோய் மூடியைத் தொடுவேன். பின்னால் இருந்து என் மகள் இப்போதெல்லாம் எனக்கு முன்னாலேயே கத்துவாள், "அப்பா, அறுநூறு!"

இழுக்காமல் தடுக்கும் இன்னொரு விஷயம் விமானத்தின் மேல் உள்ள பாசம், அல்லது பில் பயம். இழுத்தால் விமானம் பெரும்பாலும் உருப்படியாக மிஞ்சாது. சிலவற்றைச் சரிசெய்து மறுபடி பறக்கவிட்டிருக்கிறார்கள், ஆனால் அதை நம்பி இருக்கக்கூடாது. வாடகை விமானம் ஓட்டும் மாணவன் மனதில் "பள்ளிக்காரர்கள் என்ன சொல்வார்கள், காசு யார் கட்டுவது?" என்று ஒரு கணம் ஓடினாலே போதும், அந்தக் கணம்தான் உயிரை எடுக்கும் கணம். என்ஜின் நின்ற நிமிடத்திலிருந்து அந்த விமானம் இன்சூரன்ஸ் கம்பெனியுடையது என்று எங்கள் கிளப்பில் எழுதியே ஒட்டியிருக்கிறோம்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். பாராசூட் உள்ளது என்ற ஒரே காரணத்துக்காக அதிகக் கட்டணம் கட்ட வேண்டாம். செஸ்னா 172 மெதுவானது, தவறு செய்தால் மன்னிக்கும், நல்ல இன்ஸ்ட்ரக்டரோடு கற்றுக்கொள்ள அதைவிட நல்ல விமானம் குறைவு. பயிற்சிக் காலத்தின் பெரிய ஆபத்துகள் ரன்வேக்குப் பக்கத்தில், தாழ்வான உயரத்தில்தான்; அங்கே பாராசூட் உதவாது என்று மேலே சொன்னேன். இன்ஸ்ட்ரக்டர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும் சிர்ரஸ் பள்ளியைவிட, பத்து வருடமாக ஒரே இடத்தில் சொல்லிக்கொடுக்கும் ஆட்கள் உள்ள செஸ்னா பள்ளி மேல். இரண்டு பள்ளியும் சமம், பணமும் தாங்கும் என்றால் மட்டும் சிர்ரஸ். பின்னாளில் இரவிலும் மலைக்கு மேலும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பறக்கும் நாள் வரும்போது, அப்போது கூரையில் அந்தக் கைப்பிடி இருக்கட்டும். நான் இனி அது இல்லாமல் மகளை இரவில் ஏற்ற மாட்டேன்.

சிர்ரஸ் பள்ளிக்குப் போனால் கேட்க வேண்டியவை சில. பாராசூட்டைச் சிமுலேட்டரில் எத்தனை முறை இழுக்கவைப்பீர்கள்? பேச்சோடு முடித்துவிடும் பள்ளி வேண்டாம். மாணவன் இழுத்தால் விமானத்துக்கான செலவு யாருடையது? எழுத்தில் வாங்குங்கள். பாராசூட்டைக் கடைசியாக மாற்றிய தேதி என்ன? பராமரிப்புப் புத்தகத்தில் இருக்கும், காட்டச் சொல்லுங்கள். என்ஜின் இல்லாமல் சறுக்கி இறக்குவதையும் கற்றுக்கொடுப்பீர்களா? கண்டிப்பாகக் கற்றுக்கொடுக்க வேண்டும், அறுநூறு அடிக்குக் கீழே அதுதான் துணை.

இதையெல்லாம் கேட்டு முடித்ததும், நிறுத்தி வைத்த விமானத்தில் மகனை ஏறி உட்காரச் சொல்லுங்கள். பாதுகாப்பு ஊசி அதன் இடத்தில் இருக்கிறதா என்று இன்ஸ்ட்ரக்டர் பார்க்கட்டும். பெல்ட்டை இறுக்கமாகப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கூரையில் அந்த மூடியை அவன் கை தேடட்டும். உயரம் குறைவாக இருந்தால் பெல்ட் போட்டபடி இரண்டு கையும் எட்டாமல் போகலாம். இருக்கையைச் சரிசெய்து மறுபடி பாருங்கள். எங்கள் இன்ஸ்ட்ரக்டர் என்னை முதல் நாள் அப்படிப் பத்து முறை செய்ய வைத்தார். ஏழாவது முறைதான் தடவாமல் கை நேரே போனது.